அக்னி மூலையில் நான்கு பெட்டிகள்

தங்கசந்திரா லாட்ஜில் பதினோரு வருஷமாக மேனேஜராக இருக்கிறேன். பெயர் குமரேசன். நான் எழுத வந்தது எழிலரசியைப் பற்றி. ஆனால் நான் செய்த ஒரு முட்டாள்தனத்தைச் சொல்லாமல் அவள் எங்கள் லாட்ஜுக்குள் வந்த கதையைச் சொல்ல முடியாது. அதனால் மானத்தைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு ஆரம்பிக்கிறேன். சரியாகச் சொன்னால் முட்டாள்தனங்கள் இரண்டு. இரண்டாவதைக் கடைசி வரை ஒளித்து வைக்கலாமா என்று பார்க்கிறேன்.

லாட்ஜ் இருப்பது திருவண்ணாமலைத் தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். தரைத்தளம், அதற்கு மேல் இரண்டு மாடி, ஆக மொத்தம் பதினெட்டு அறை, உச்சியில் மொட்டை மாடி. தங்கம்மாள், சந்திரம்மாள் என்று இரண்டு பெண்களைப் பெற்றவர் கட்டி, இருவர் பெயரையும் ஒட்டிப் பலகை மாட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அக்கா தங்கம்மாள் இப்போது புனேயில் மகன் வீட்டில் இருக்கிறார். இரண்டு முட்டியிலும் ஆபரேஷன் ஆகி, அறையை விட்டு ஹாலுக்கு வருவதே பெரிய யாத்திரை. தங்கை சந்திரம்மாள்தான் எங்கள் முதலாளியம்மா. இடுப்பில் ஒரு சாவிக்கொத்து எந்நேரமும் தொங்கும். அறைச் சாவிகள் என்னிடம் ரிசப்ஷன் ஆணியில் இருக்கும். ஆனால் மொட்டை மாடி, ஸ்டோர் ரூம், மோட்டார் ரூம், எல்லா அறைக்குமான மாற்றுச் சாவி, வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் புதிதாகக் கட்டி முடித்திருந்த இருபத்து நான்கு அறைக் கட்டடம், எல்லாம் அந்தக் கொத்தில்தான். பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட அது என் கைக்கு வந்ததில்லை. கேட்டால், "நீ எங்கனா வெச்சுட்டு வந்துடுவ" என்பார். ஒருமுறை அப்படித்தான் நடந்தது, அதனால் நான் அதற்கு மேல் கேட்பதில்லை.

லாட்ஜுக்கு நெட் கனெக்‌ஷன் எடுத்தபோது கம்பெனிக்காரர்கள் ஒரு பெட்டி கொடுத்தார்கள். அதை எங்கே மாட்டுவது என்று கேட்டதற்கு முதலாளியம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"கரண்டுல சூடாவுற சாமான் எதுவா இருந்தாலும் அக்னி மூலைலதான் இருக்கணும்."

அக்னி மூலை என்றால் தென்கிழக்கு. எங்கள் லாட்ஜில் தென்கிழக்கில் இருப்பது சமையல்கட்டு. கிரைண்டர், இன்வெர்ட்டர், தண்ணீர் சூடாக்கும் பாய்லர் எல்லாம் அங்கேதான். விருந்தாளிகள் சட்டைக்கு இஸ்திரி போட வேண்டுமென்றாலும் இட்லி ஆவிக்கு நடுவில் நின்றுதான் போட வேண்டும். பெட்டியும் அடுப்புக்கு மேல் உள்ள பலகையில் ஏறி உட்கார்ந்தது.

தரைத்தளத்தில் நெட் நன்றாக வந்தது. முதல் மாடியில் பாதி அறைக்கு வந்தது. இரண்டாம் மாடியில் கதவைத் திறந்து கையை வெளியே நீட்டினால் வந்தது. விருந்தாளிகள் புகார் சொன்னார்கள். முன்பெல்லாம் கிரிவலம் சுற்ற வருகிறவர்கள் வெந்நீர் வருமா என்றுதான் கேட்பார்கள். இப்போது செருப்பைக் கழற்றும் முன்பே வைஃபை பாஸ்வேர்டு. நான் யோசித்தேன். விளக்கு மங்கலாக எரிந்தால் இன்னொரு விளக்கு ஏற்றுவதில்லையா? கடைக்குப் போய் இன்னொரு ரவுட்டர் வாங்கி வந்தேன். அதையும் அக்னி மூலையில், முதல் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்தேன். போதவில்லை. மூன்றாவது வாங்கினேன். நான்காவதும் வாங்கினேன். ஒன்றின் ஒயரை இன்னொன்றின் ஓட்டையில், எந்த ஓட்டை காலியாக இருந்ததோ அதில் சொருகினேன். நான்கும் அடுப்புக்கு மேல் வரிசையாகப் பச்சைக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நின்றன. ஆயுத பூஜைக்கு நான்குக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். நான்கு பெயர், நான்கு பாஸ்வேர்டு, அட்டையில் எழுதி ரிசப்ஷனில் தொங்கவிட்டேன். அதற்குப் பிறகுதான் தரைத்தளத்திலும் நெட் விட்டு விட்டு வர ஆரம்பித்தது.

இதில் முதலாளியம்மாவுக்குத் தனி வருத்தம் ஒன்று இருந்தது. அக்கா மகன், பெரிய ஃபோன் மாதிரி இருக்குமே, அந்த டேப் ஒன்று வாங்கி அனுப்பியிருந்தான். அதில் சிம் கிடையாது, வைஃபையில்தான் ஓடும். திங்கட்கிழமை தோறும் காலையில் அக்காவும் தங்கையும் முகம் பார்த்துப் பேசுவார்கள். ஒவ்வொரு முறையும் அக்கா கேட்பது ஒன்றே ஒன்றுதான். "சந்திரா, மலையைக் காட்டுடி." ரிசப்ஷனிலிருந்து மலை தெரியாது. எதிரே ஒரு பாத்திரக்கடை இரண்டு மாடிக்கு எழும்பி மறைத்துவிட்டது. மொட்டை மாடிக்குத்தான் போக வேண்டும். முதலாளியம்மா டேப்பைப் பிடித்துக்கொண்டு படி ஏறுவார். முதல் மாடித் திருப்பத்தில் அக்கா முகம் கோணிக்கொண்டு நிற்கும், அப்புறம் திரை கறுத்துவிடும். இரண்டு வருஷமாக இதே கதை. திருவண்ணாமலையில் பிறந்து வளர்ந்த பெண்மணிக்கு மலை தெரிய வேண்டும் என்றால் காலண்டரைத்தான் பார்க்க வேண்டும். என் மனசு எப்படி இருந்திருக்கும்? பெட்டிகளை வாங்கியவன் நான்தானே.

அந்த நிலைமையில், மார்கழி முடிந்து தை பிறந்த பிறகு ஒரு புதன்கிழமை, ஸ்கூட்டியில் அலுமினிய ஏணியைப் பக்கவாட்டில் கட்டிக்கொண்டு எழிலரசி வந்து நின்றாள். முப்பது வயது இருக்கும். தோளில் ஒரு பை, அதில் ஒயர் சுருள்.

"அண்ணா, வைஃபை, கேமரா எல்லாம் போட்டுக் குடுக்குறேங்க. உங்க லாட்ஜுல பிரச்சனை எதுனா இருக்குதுங்களா?"

"இல்லம்மா" என்றேன் கூசாமல். அதே நேரம் படியில் இறங்கி வந்த விருந்தாளி ஒருவர், "சார், ஃபோன்ல நாலு கோடும் நிக்குது, ஆனா நெட் மட்டும் வரல" என்று என் மானத்தை வாங்கினார்.

எழிலரசி சிரிக்கவில்லை. அதற்காகவே அவளைப் பிடித்துப்போனது. அவள் கேட்டது ஒரே கேள்வி. "பெட்டி எங்க இருக்குதுங்கண்ணா?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. கீழ்பென்னாத்தூர் பக்கம் மணிலாக் கடலையும் நெல்லும் போடும் ஆதிமூலம் என்பவரின் மகள் அவள். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்து, சென்னையில் ஒரு நெட் கம்பெனியின் புகார் பிரிவில் மூன்று வருஷம் ஃபோன் எடுத்தாள். எவர் எந்தப் புகார் சொன்னாலும் சொல்ல வேண்டிய பதில் முன்னாலேயே ஒட்டியிருக்கும். "ரவுட்டரை ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க." இவள் அதோடு நிற்க மாட்டாள். "பெட்டியை எங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிடுவாள். பீரோவுக்குள் என்பார்கள். டிவிக்குப் பின்னால் என்பார்கள். ஒருவர் அரிசி டிரம் மேல் வைத்து, தூசி படியாமல் இருக்க எவர்சில்வர் அண்டாவைக் கவிழ்த்து மூடியிருக்கிறேன் என்றாராம். "நேர்ல போய் அந்த அண்டாவைத் தூக்கிட்டு வரணும்னு அப்படி ஒரு வெறி வந்துச்சுங்கண்ணா" என்றாள். தேவையில்லாத கேள்வி கேட்டு நேரத்தை வீணாக்குகிறாள் என்று மேலதிகாரி திட்டுவார். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு, கீழ்பென்னாத்தூருக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவே வேன் ஓட்டும் கணவன் வளவனிடம் சொல்லி, இந்த வேலையைச் சொந்தமாக ஆரம்பித்தாள். கேமரா ஒன்று, ஒயர் ஒன்று என்று சில்லறை வேலைகள் கிடைத்தன. முழுக் கட்டடம் ஒன்றை நம்பிக் கொடுக்க எவரும் தயாராக இல்லை. ஏணி மேல் பெண் ஏறுவதை வேடிக்கை பார்க்கத்தான் ஆள் இருந்தது.

பழைய கம்பெனி மறுபடி கூப்பிட்டிருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும், இல்லாவிட்டால் இடம் போய்விடும். இந்த வாரத்துக்குள் ஒரு கட்டட வேலை அமையாவிட்டால் சென்னைக்கு பஸ் ஏறுவது என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசி முடித்திருந்தார்கள். ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகள் அபிநயா மட்டும் ஒன்று கேட்டாளாம். "அப்போ திங்கட்கிழமை எனக்கு யாரு தலை வாருவாங்க? அப்பா வாருனா கோணல்மாணலா இருக்கும்."

இதை அவள் அழுதுகொண்டு சொல்லவில்லை. டீ குடித்துக்கொண்டே, வளவன் பின்னிவிட்ட ஜடையைக் கையால் நடித்துக் காட்டிச் சொன்னாள். நான்தான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

சமையல்கட்டுக்குள் நுழைந்து, அடுப்புக்கு மேல் நான்கு பெட்டியையும் பார்த்ததும் அவள் முகத்தில் வந்த பரவசத்தைச் சொல்ல வேண்டும். கோவில் கருவறைக்கு முன் நிற்கிறவளைப் போல நின்றாள்.

"யாருங்கண்ணா இதை வெச்சது?"

"ஏன்?"

"இல்ல, மூணு வருஷம் ஃபோன்ல கேட்டதுல இப்படி ஒண்ணு வரவே இல்ல."

முதலாளியம்மா வந்தார். பெட்டிகளை இங்கிருந்து மாடிக்கு மாற்ற வேண்டும் என்று எழிலரசி சொன்னதும் சாவிக்கொத்து ஒருமுறை குலுங்கியது.

"இன்னாம்மா பேசுற? அக்னி மூலைய விட்டு அசைக்கக் கூடாது. வேற வழி இருந்தா சொல்லு."

சுவர் தடுக்கும், கான்கிரீட் தடுக்கும் என்று எழிலரசி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். முதலாளியம்மா அசையவில்லை. பேச்சு முடிந்துவிட்டது, ஏணியைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான் என்று நான் நினைத்தபோது, எழிலரசியின் பார்வை பெட்டிகளிலிருந்து கீழே அடுப்புக்கு இறங்கியது.

"அம்மா, இந்த லாட்ஜுக்கு அடுப்பு எத்தனைங்கம்மா?"

"ஒண்ணுதான்."

"ரெண்டாவது மாடியில ஒருத்தர் டிபன் கேட்டா, அங்க ஒரு அடுப்பு வெப்பீங்களா?"

"எதுக்கு? இங்க செஞ்சு தட்டுல குடுத்தனுப்புவோம்."

"இதுவும் அதேதாம்மா. இந்த மொதல் பெட்டி ரவுட்டர். வெளிய இருந்து வர்ற நெட்டை வாங்கி, ஒவ்வொரு ஃபோனுக்கும் ஒரு நம்பர் குடுத்து, எது யாருக்குன்னு பிரிச்சு அனுப்புற வேலை இதோடது. இது அடுப்பு. கட்டடத்துக்கு ஒண்ணு போதும், அக்னி மூலையிலயே இருக்கட்டும். மாடிக்கு வேண்டியது அடுப்பு இல்லம்மா, தட்டு. அதுக்கு ஆக்சஸ் பாயின்ட்னு பேரு. அது எதையும் சமைக்காது. கீழ இருந்து ஒயர்ல வர்றதை வாங்கி, அங்க இருக்கறவங்களுக்குக் காத்துல பரிமாறும். அவ்வளவுதான்."

"அப்போ அந்த ஆக்சஸ் பாயின்ட்டைத் தனியா வாங்கணுமா?" என்றேன் நான், இன்னும் மூன்று பெட்டியா என்ற பயத்தில்.

"வேணாங்கண்ணா. இந்த மூணையே மாத்திடலாம். ரவுட்டருக்குள்ளயே ஆக்சஸ் பாயின்ட்டும் சேர்ந்துதான் இருக்கு. இப்போ மூணும் தனித்தனியா சமைக்குது, அதான் சண்டை. ஒண்ணு குடுத்த நம்பரையே இன்னொண்ணும் இன்னொருத்தருக்குக் குடுக்குது. ஒரே ரூமை ரெண்டு பேருக்குக் குடுத்த மாதிரி."

நான் பேச்சை மாற்றினேன். போன பௌர்ணமிக்கு இருநூற்று நான்காம் அறையை நான் இரண்டு குடும்பத்துக்குக் கொடுத்தது ஊருக்கே தெரியும்.

"மூணுலயும் உள்ள போய் நம்பர் குடுக்கற வேலைய நிறுத்திடுறேன். அப்புறம் அதுங்க வெறும் தட்டுதான்" என்றாள்.

முதலாளியம்மா அடுப்பைப் பார்த்தார், மேலே பெட்டியைப் பார்த்தார். "தட்டுக்கு மூலை கெடையாதா?"

"கெடையாதும்மா."

வாஸ்து சாஸ்திரத்தில் ஆக்சஸ் பாயின்ட்டுக்கு இடம் பிடித்துக் கொடுத்த முதல் ஆள் அவளாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் முதலாளியம்மா அவ்வளவு சுலபமாக விடுகிற ஆள் இல்லை.

"நாளைக்கு வேலைய முடி. வெள்ளிக்கிழமை காலைல நான் டேப்பை எடுத்துனு கீழ இருந்து மொட்டை மாடி வரைக்கும் அக்காகிட்ட பேசிக்கினே போவேன். பத்தரைக்கு ராகு காலம், அதுக்குள்ள. ஃபோன் கட் ஆவலைன்னா வேங்கிக்கால் கட்டடத்து வேலை முழுக்க உனக்கு. ஆச்சுன்னா ஏணிய எடுத்துனு போய்டு."

வியாழக்கிழமை முழுக்க வேலை நடந்தது. தண்ணீர்க் குழாய் போகும் சந்தில் ஒயரை ஏற்றினாள். முதல் மாடி நடையில் ஒரு பெட்டி, இரண்டாம் மாடி நடையில் ஒன்று, மொட்டை மாடிப் படி முடிகிற சின்ன அறைக்குள் ஒன்று. நான்குக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. அப்போதுதான் படி ஏறும்போது ஃபோன் ஒன்றை விட்டு இன்னொன்றைத் தானாகப் பிடித்துக்கொள்ளுமாம். கூரை மேல் இரண்டு குரங்குகள் உட்கார்ந்து கண்காணித்தன. ஒயரைக் கடித்துவிடும் என்று அதைப் பிளாஸ்டிக் குழாய்க்குள் நுழைத்தாள். காற்றோட்ட ஓட்டைகளில் அடைத்திருந்த ஆயுத பூஜைக் குங்குமத்தைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுத்தாள். எந்தக் கதவைத் திறக்க வேண்டுமென்றாலும் முதலாளியம்மாவே சாவியோடு வந்து நின்றார், பூட்டினார், இழுத்துப் பார்த்தார். ஒரு நாளைக்குள் நாற்பது தடவை படி ஏறியிருப்பார். சாயங்காலம் எழிலரசி தன் ஃபோனை வைத்துச் சோதித்தாள், எல்லா இடத்திலும் நெட் வந்தது.

இப்போது இரண்டாவது முட்டாள்தனம். ஒளிக்க முடியவில்லை.

அவள் போன பிறகு நான் இரண்டாம் மாடிப் பெட்டியைப் போய்ப் பார்த்தேன். பின்னால் மஞ்சள் நிறத்தில் நான்கு ஓட்டை. தனியாக நீல நிறத்தில் ஒரு ஓட்டை, அதன் மேல் "இன்டர்நெட்" என்று எழுதியிருக்கிறது. கீழிருந்து வரும் ஒயரோ மஞ்சளில் சொருகியிருக்கிறது. பாவம், அவசரத்தில் தவறிவிட்டாள், நாளைக்கு அவமானப்படப் போகிறாள் என்று உருகி, ஒயரைப் பிடுங்கி நீல ஓட்டையில் சொருகினேன். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு போய்த் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு எழிலரசி வந்து கடைசியாக ஒருமுறை சரிபார்த்தாள். இரண்டாம் மாடியில் கோடு இருந்தது, நெட் இல்லை. அவள் முகம் வெளுத்துவிட்டது. லேப்டாப்பைத் திறந்து தரையில் உட்கார்ந்தாள். பெட்டிக்குள் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒன்பதே கால். கீழே முதலாளியம்மா புதுப்புடவை கட்டி, டேப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். எழிலரசி அதே பக்கத்தை மூன்றாவது முறையாகத் திறந்து பார்த்தாள். பதினோரு வருஷ மேனேஜர் கௌரவம் ஒரு பக்கம் என் வாயை அடைத்தது. மறுபக்கம் அந்தச் சின்னப் பெண்ணின் கோணல் ஜடை கண் முன்னால் வந்தது.

"எழிலு, நான்தான் ஒயரை ஓட்டை மாத்தினேன்" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அண்ணா, எதையும் தொடாதீங்க, எதையும் தொடாதீங்கன்னு மூணு வருஷம் சொல்லிச் சொல்லித் தொண்டை வத்திப்போச்சு. நேர்ல வந்தாச்சே, இனிமே சொல்ல வேணாம்னு நெனச்சேன். நீல ஓட்டை ரவுட்டருக்குத்தாங்க. வெளிய இருந்து வர்ற நெட்டை வாங்கற வாசல் அது. தட்டுக்கு மஞ்சள்தான்." ஒயரை மாற்றிச் சொருகினாள். அரை நிமிஷத்தில் நெட் வந்தது.

ஒன்பதரைக்கு முதலாளியம்மா ரிசப்ஷனிலிருந்து புறப்பட்டார். திரையில் தங்கம்மாள், கையில் காபி டம்ளரோடு. பின்னால் எழிலரசி, அவளுக்குப் பின்னால் நான். முதல் மாடித் திருப்பம். அக்கா மருமகளைப் பற்றி ஏதோ குறை சொல்லிக்கொண்டே வந்தார். குறை நிற்கவில்லை. முதல் மாடியைத் தாண்டிவிட்டோம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் திடீரென்று முகம் நின்றது. டம்ளர் உதட்டில், கண் பாதி மூடியபடி. முதலாளியம்மாவும் படியில் நின்றுவிட்டார். எழிலரசி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் எண்ணினேன்.

"... அந்த ரசத்துல புளியே இல்லடி" என்றார் தங்கம்மாள்.

முதலாளியம்மா மிச்சப் படிகளை எப்படி ஏறினார் என்று தெரியவில்லை. மாடிக் கதவைத் திறந்தார். வெயில் அடித்தது. டேப்பைத் திருப்பி இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தார். மேற்கே கோபுரங்களுக்குப் பின்னால் மலை முழுசாக நின்றது. உச்சியில் கொஞ்சம் மேகம்.

புனேயில் குறை சொல்லும் குரல் நின்றுபோனது. ஃபோன்தான் கட் ஆகிவிட்டதோ என்று நான் பயந்தேன். கட் ஆகவில்லை. "அருணாசலா" என்று மட்டும் கேட்டது. அப்புறம் மூக்கை உறிஞ்சும் சத்தம். இந்தப் பக்கம் தங்கையும் உறிஞ்சினார். நானும்தான், சொல்வதற்கு என்ன வெட்கம்.

"சந்திரா, அப்படியே பிடிச்சுக்கினு இருடி. கை வலிக்குதா?"

"இல்லக்கா."

"யாருடி இதை சரி பண்ணது? நம்ம குமரேசனா?"

"அவனா? அவன் கெடுத்தவன்கா. சரி பண்ணது ஒரு பொண்ணு. இங்கதான் நிக்குது."

முதலாளியம்மா ஒரு கையால் டேப்பை மலைப்பக்கம் பிடித்தபடியே இன்னொரு கையால் இடுப்பைத் தடவினார். கொத்தை அவிழ்த்தார். ஒரு சாவியை மட்டும் கழற்றிக் கொடுப்பார் என்று பார்த்தேன். கொத்தோடு எழிலரசியின் கையில் வைத்தார்.

"வேங்கிக்கால் சாவி அதுலதான் கீது. எதுன்னு நீயே பார்த்துக்கோ. எனக்கு இப்போ கை ஒழியல. சாயங்காலம் கொண்டாந்து குடு."

பதினோரு வருஷம். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அந்த எரிச்சலை அனுபவிக்கவும் முடியாதபடி மனசு நிறைந்திருந்தது.

எழிலரசி தண்ணீர்த் தொட்டி ஓரமாகப் போய் வளவனுக்கு ஃபோன் போட்டாள். வேலை கிடைத்தது என்றோ, கட்டடம் எத்தனை அறை என்றோ அவள் சொல்லவில்லை. கொத்து கையில் குலுங்கிக்கொண்டே இருந்தது.

"பாப்பா ஸ்கூல்ல இருந்து வந்ததும் சொல்லுங்க," என்றாள், "திங்கட்கிழமை அம்மாதான் தலை வாருவாங்கன்னு."